ஒன்பது ரயில், தனி ஆள்

அந்த அக்காவோடு பக்கத்துக் கடைக்குப் போவதென்றாலும், கார் புறப்படும் முன்பே திரும்பி வரும் வழியைச் சொல்லியாக வேண்டும்.

"போற வழியை ஆரும் சொல்லுவினம் பிள்ளை. எல்ஸ்மியரில ரோட்டை மறிச்சுப்போட்டாங்கள் எண்டால் எதால வருவீர்?" என்பார். பதில் வரும்வரை சீற் பெல்ற்றில் கை வைக்கமாட்டார். லோறன்ஸ் அவெனியு என்று நான் சொன்னால், கண்ணை மூடி அந்த வீதியில் ஒரு தடவை போய்வருவார். "பள்ளிக்கூடம் விடுற நேரம். வேற சொல்லும்." இரண்டாவது வழி மனதுக்குச் சரியென்று பட்டால்தான் பெல்ற் போடும் சத்தம் கேட்கும்.

நாங்கள் இருவரும் ஸ்காபுரோவில் ஒரு வான் கொம்பனியில் வேலை செய்தோம். சக்கர நாற்காலியோடு ஏற்றக்கூடிய வான்கள். டயலிசிசுக்கும் கண் வைத்தியரிடமும் போகிற முதியவர்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது. நாங்கள் ஓட்டுவதில்லை. உள்ளே இருந்துகொண்டு, எந்த வான் எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்கவேண்டும் என்று பிரித்துச் சாரதிகளுக்குச் சொல்லும் டிஸ்பாச் வேலை. அவர் அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தார். நான் அவருடைய கடைசி ஏழு வருடங்களில் பக்கத்து மேசை.

கட்டையான உருவம். ஆண்களின் கைக்கடிகாரம் ஒன்றை, முகம் உள்மணிக்கட்டில் இருக்கும்படி கட்டியிருப்பார். மேசையில் தொலைபேசியைப் பிடித்தபடியே மணி பார்க்கலாம் என்பதற்காக. கம்பியூட்டர் ஒரு வழி காட்டும், அவர் இன்னொன்று சொல்லுவார். பனி கொட்டும் நாட்களில் சாரதிகள் அவர் சொன்ன வழியில்தான் போனார்கள். எவ்வளவு நெருக்கடியிலும் 'கெதியா' என்று அவர் யாரையும் அவசரப்படுத்தி நான் கேட்டதில்லை.

ஒருநாள் ஒரு சாரதி அழைத்தார். பின்னால் இருக்கிற ஐயா மோர்னிங்சைட்டில் விடச் சொல்லுகிறார், தாளில் வோபர்ன் விலாசம் இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்டார்.

"வீட்டுக் கதவு என்ன நிறமெண்டு ஐயாவிட்டக் கேளுங்கோ" என்றார் அக்கா.

பச்சை என்று பதில் வந்தது.

"அது மனுசி இருக்கேக்க இருந்த வீடு. வோபர்னில கொண்டுபோய் விடுங்கோ. மகன் நிப்பார்."

அவர் தொலைபேசியை வைத்து, அந்தப் பயணத்தைத் தாளில் குறித்தார். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "முதல்ல இப்ப இருக்கிற வீடு மறக்கும். பிறகு அதுக்கு முதல் வீடு. பின்பக்கமாத்தான் போகும் பிள்ளை." இது போன்ற பயணிகள் எங்களுக்கு நிறையப் பேர். ஆனால் அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. தெரிந்த வீதி ஒன்றின் சந்திகளைச் சொல்லுவதுபோல இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பனிக்காலத்தில் ஒரு பிழை விட்டேன். எண்பது வயது அம்மா ஒருவரைக் கிளினிக் வாசலில் இருந்து மூன்று இருபதுக்கு ஏற்றவேண்டும். நான் திரையில் வேறு ஒரு பெயரில் தட்ட வேண்டியதை அவருடைய பெயரில் தட்டிவிட்டேன். ஏற்றியாயிற்று என்று காட்டியது. கிளினிக் பூட்டிவிட்டது. நாலு மணி தாண்டி அக்காதான் தலையை நிமிர்த்தி, "மூண்டு இருபது அம்மா எங்கை?" என்று கேட்டார். வான் போய்ச் சேரும்போது அந்த அம்மா ஐம்பது நிமிடம் பனிக்காற்றில் நின்றிருந்தார். விரல்கள் நீலம் பாரித்திருந்தன என்று சாரதி சொன்னார். நல்லவேளை, வேறு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவிடம் நீல மட்டைக் கொப்பி ஒன்று இருந்தது. கம்பியூட்டரில் எல்லாம் பதிவாகும் என்றாலும் அவர் ஒவ்வொரு நாளும் அதில் எழுதுவார். அன்று என் முன்னாலேயே எழுதினார். மூன்று இருபது, ஐம்பது நிமிடம், பிழை விட்டது, என் பெயர். அதைக் கொண்டுபோய் மனேஜரிடம் காட்டினார். மனேஜர் என்னை ஒரு கிழமை வேலையில் இருந்து நிறுத்திவைத்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவரே பஸ் ஏறி என் வீட்டுக்குச் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்தார்.

"நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம் அக்கா" என்றேன்.

"எழுதாமல் விட்டால் அந்த அம்மா அங்கை நிக்கேல்லை எண்டு ஆகும்" என்றார். "சாப்பிடும். ஆறப்போகுது."

அதற்குப் பிறகு அவரில் எனக்கு இருந்த மரியாதையில் கொஞ்சம் பயமும் கலந்தே இருந்தது. அவர் எழுதினால் அது நடந்தது. அவர் எழுதாதது நடக்கவில்லை. கொம்பனி முழுக்க அப்படித்தான் நம்பினோம்.

அவர் ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை, மோர்னிங்சைட்டில் இருந்த தன் பதினோராம் மாடி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். மேசையில் தடித்த பைல் ஒன்று. ஜப்பான். பதினொரு நாள், ஒன்பது ரயில். டோக்கியோவில் தொடங்கி, கனசாவா, கியோட்டோ, ஒசாக்கா, ஹிரோஷிமா போய், திரும்ப டோக்கியோ. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு தாள். புறப்படும் நிமிடம், மேடை இலக்கம், பெட்டி, ஆசனம், இறங்கிய பிறகு எந்த வாசலால் வெளியே வருவது, வாசலில் இருந்து ஹோட்டலுக்கு எத்தனை அடி. ஒவ்வொரு தாளின் கீழ்ப்பாதியிலும் 'தவறினால்' என்று தலைப்பு. அதன் கீழே அடுத்த ரயில், அதற்கடுத்த ரயில், இரண்டும் போய்விட்டால் எந்த மாடியில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம் என்பதுவரை இருந்தது. சூட்கேசை இழுத்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை, ஒரு ஹோட்டலில் கொடுத்தால் அடுத்த ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவார்களாம். அதற்கும் ஒரு தாள் இருந்தது.

"ஆரோட போறீங்கள்?"

"தனிய."

"அங்கை ஆரையும் தெரியுமோ?"

"ஒருத்தரையும் தெரியாது. பாசையும் தெரியாது. அதாலதான்."

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே அறிந்திருப்பார். பைலை மூடிவிட்டு, கைகளை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

"மறதி இருக்கோ எண்டு பாக்க டொக்டர் தாளில ஒரு மணிக்கூடு கீறச் சொன்னவர். பதினொண்டு பத்து. இருபத்திரண்டு வருசம் மணி பாத்து வான் அனுப்பினவளிட்ட."

"கீறினீங்களோ?"

"கீறினன். பாத்திட்டு, வடிவாயிருக்கு எண்டவர்."

"பிறகென்ன அக்கா."

"மணிக்கூட்டை ஆரும் வடிவெண்டு சொல்லுவினமோ பிள்ளை? சரியெண்டல்லோ சொல்லவேணும்."

ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ கீழே ஒரு பஸ் நின்று புறப்படும் சத்தம் கேட்டது. அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

மகள் அவருடைய காரை விற்கச் சொல்லுகிறாள். மார்க்கம் நகரில் இருக்கும் தன் வீட்டு பேஸ்மென்ற்றுக்கு வந்துவிடச் சொல்லுகிறாள். அக்கா மகளோடு ஒரு ஒப்பந்தம் செய்திருந்தார். ஜப்பானுக்குத் தனியே போய் ஒன்பது ரயிலிலும் ஏறி, சொன்ன நாளில் வந்து நின்றால், இந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது. ஒரு ரயில் பிழைத்தாலும் மகள் சொன்னபடி.

"அதுக்கு ஏன் ஜப்பான்? மொன்றியலுக்குப் போய் வரலாமே" என்றேன்.

"இஞ்சை பஸ் பிந்தும். சப்வே நடுவழியில நிண்டுபோகும். நான் பிழை விட்டனோ, அவங்கள் பிழை விட்டாங்களோ எண்டு பாக்கிறவைக்குத் தெரியாது. எனக்கும் தெரியேல்லை." குரல் எப்போதும்போலத் தாழ்வாகவே இருந்தது. "அங்கை ரயில் பிந்தாது. பிழை நடந்தால் அது நான்தான்."

என்னிடம் அவருக்கு இரண்டு உதவி தேவைப்பட்டது. ஆசனங்களை இணையத்தில் பதிவு செய்து கொடுக்கவேண்டும். பிறகு, அவர் அங்கே இருக்கும்போது ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு, அங்கே இரவு ஒன்பது, அவருடைய மெசேஜைப் பார்க்கவேண்டும்.

"மெசேஜ் வராட்டில் மகளுக்குப் போன் எடும். வந்தால் எடுக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் அக்கா."

இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் போனேன். கனசாவாவில் இருந்து கியோட்டோ போகும் ஆறாம் நாள்தான் கடினம். நடுவில் சுருகா என்ற நிலையத்தில் இறங்கி மாறவேண்டும். புல்லற் ரயில் மேல்மாடியில் வந்து நிற்கும். அடுத்த ரயில் கீழே நிற்கும். இடையில் எட்டு நிமிடம். யாரோ ஒருவர் கமராவைக் கையில் பிடித்தபடி அந்தப் படிகளில் இறங்கிப் போகும் வீடியோவை அவர் ஓயாமல் போட்டுப் பார்த்தார். பார்த்து முடித்து அரை மணியில், "சுருகாவில நாங்கள் வாறது மேலயோ, கீழயோ?" என்று கேட்பார். நான் சொன்னதும், எனக்குத் தெரியுமா என்று சோதித்தது போல மெல்லத் தலையாட்டுவார். அவர் என்னைச் சோதிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஒருநாள் பைலில் ஒரே ரயிலுக்கு இரண்டு தாள்கள் இருந்தன. ஒரே கையெழுத்து, வேறு வேறு மேடை இலக்கம். அவர் குசினியில் தேத்தண்ணி போட்ட நேரம் பிழையானதை உருவி என் கைப்பைக்குள் வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்கிறேன். அவர் வெல்லவேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

எட்டு நிமிடத்தைப் பழகவேண்டும் என்றார். புளோர்-யங் சப்வே நிலையத்திலும் தடங்கள் மேலும் கீழுமாக இருக்கின்றன. எனக்கு லீவு இருந்த செவ்வாய்க்கிழமைகளில் கெனடி நிலையத்தில் ஏறி, புளோர்-யங்கில் மாறி, யூனியன் வரை போவோம். மூன்று தடவை நான் ஐந்தடி பின்னால் நடந்தேன். அவர் மனிதர்களை இடிக்காமல், ஓடாமல், மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு போவார். மேடைக்கு வந்ததும் நின்று, பைலைத் திறந்து, சோதனை ஒன்று, ஏழு நிமிடம், சரி என்று எழுதுவார். சில வேளை ரயில் கதவைத் திறந்துகொண்டு நிற்கும்போதும் எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிருவார். அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவோம். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

நாலாவது தடவை அவர் தனியே வருவதாகவும், நான் யூனியனில் காத்திருப்பதாகவும் ஏற்பாடு. பதினொன்று நாற்பது. நான் பதினொன்றரைக்கே போய்ப் படியடியில் நின்றேன். பதினொன்று நாற்பதுக்கு வந்த ரயிலில் அவர் இல்லை. பன்னிரண்டு ஆகியது. தொலைபேசி அடித்து அடித்து நின்றது. நான் புளோர்-யங் போய் மேலும் கீழும் தேடினேன். திரும்ப யூனியனுக்கு வந்தேன். ஒன்றே காலுக்கு அவரே அழைத்தார்.

"நீர் எங்கை போனீர்? நான் வந்து பாத்திட்டு வீட்டை வந்திட்டன்."

"நான் இஞ்சைதான் நிண்டனான் அக்கா. பதினொண்டரையில இருந்து."

"பரவாயில்லை பிள்ளை. எல்லாருக்கும் ஒருநாள் பிழைக்கும்" என்றார்.

அடுத்த கிழமை வேலையில் எங்கள் சாரதி ஒருவர் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கிழமை அக்காவை ரெக்ஸ்டேலில் கண்டாராம். நகரத்தின் மற்றக் கரை அது. கிப்ளிங் வரை சப்வேயில் போய், பிறகு பஸ் ஏறினால்தான் அங்கே போகமுடியும்.

"பஸ் தரிப்பில மடியில பைலோட இருந்தவ. ஆரைப் பாக்கிறீங்கள் எண்டு கேட்டன். பிள்ளை வருவா எண்டவ. குளிரா இருந்தது, நான் வானில ஏத்தி வீட்டை கொண்டுவந்து விட்டனான். வழி முழுக்க ஒண்டும் கதைக்கேல்லை. மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு வந்தவ."

அந்தச் சனிக்கிழமை பைலை எடுத்துப் பார்த்தேன். ஒழுங்கான, கொஞ்சமும் நடுங்காத கையெழுத்து. சோதனை நாலு. 11.40 யூனியன். சரி. பிள்ளை வரவில்லை.

பொய்யென்று தெரிந்து எழுதினாரா, நடந்ததென்று நம்பி எழுதினாரா? எது நல்லது என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே நல்லதாகப் படவில்லை. பைலை மூடி இருந்த இடத்தில் வைத்தேன். அவர் தேத்தண்ணியோடு வந்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

மே மாதத்தில் புறப்பட்டார். விமான நிலையத்துக்கு மகள் காரோட்ட, நானும் போனேன். அக்கா உள்ளே வரிசையில் நின்ற நேரம், மகள் என் பக்கம் திரும்பினாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், வங்கியில் வேலை.

"அன்ரி, ஐ நீட் டு ஆஸ்க் யூ. நீங்கள்தான் அம்மாவை ஒவ்வொரு வீக்கும் பாக்கிறீங்கள். ஷி இஸ் ஓகே, ரைற்? ஏதும் இருந்தால் இப்ப சொல்லுங்கோ. நான் இப்பவே கூட்டிக்கொண்டு போயிடுவன்."

ரெக்ஸ்டேல் நாக்கு நுனி வரை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றார். சிறிய தோள்பை, கையில் பைல். எங்களைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பலகையில் ஓடும் நேரங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா திட்டம் போட்டால் பிழைக்காது" என்றேன்.

முதல் ஐந்து நாட்களும் எட்டு மணிக்கு மெசேஜ் வந்தது. ஒரு நிமிடம்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. ஒவ்வொன்றோடும் நிலையத்தின் பெயர்ப்பலகைப் படம். ஜப்பானிய எழுத்து, அதன் கீழே ஆங்கில எழுத்து. அவருக்கு முகத்தைப் படம் எடுக்கத் தோன்றாது. ஐந்தாம் நாள் கனசாவாவில் இருந்து எழுதியிருந்தார்: 'மலையில் இன்னும் பனி கிடக்கிறது. ரயில் எல்லாம் சரி.' அதை வாசித்து வேலையிடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். சாரதிகள் சந்தோசப்பட்டார்கள்.

ஆறாம் நாள் எட்டு மணிக்கு வந்தது: 'கியோட்டோ. 2.10க்கு வந்தேன். சரி.'

படத்தைப் பெரிதாக்கினேன். பலகையில் கியோட்டோ என்று இல்லை. சுருகா என்று இருந்தது.

மாறும்போது எடுத்த படமாக இருக்கலாம் என்று நினைத்தேன். உடனே அழைத்தேன். இரண்டாம் மணியில் எடுத்தார்.

"ஓம் பிள்ளை. ஹோட்டலில இருக்கிறன். நல்ல அறை."

பின்னால் சின்ன மணியிசை ஒன்று கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், ஒலிபெருக்கியில், மெதுவாக எதையோ அறிவித்தது.

"என்ன சத்தம் அக்கா?"

மணியிசை இன்னொரு தடவை கேட்டது.

"ரீவி" என்றார்.

மெசேஜ் வந்தால் மகளுக்கு எடுக்கக்கூடாது என்பது பேச்சு. மெசேஜ் வந்திருந்தது. அன்று முழுவதும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தேன். முப்பதுக்கும் அதிகமான முதியவர்களை, ஒருவரையும் விடாமல், வீட்டு வாசலில் சேர்த்தேன்.

ஏழாம் நாள்: 'கியோட்டோவில் கோயில் பார்த்தேன். சரி.' படத்தில் அதே பலகை. இந்தமுறை ஓரத்தில் கீழே இறங்கும் படிகளும் விழுந்திருந்தன.

மகளை அழைத்தேன். அவள் கியோட்டோ ஹோட்டலை அழைத்தாள். சூட்கேஸ் வந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை என்றார்கள். அவருடைய மருந்து எல்லாம் அந்தச் சூட்கேசுக்குள் இருந்தது. மகள் அன்றைக்கே விமானம் ஏறினாள்.

அவள் திரும்பி வந்த பிறகு என் வீட்டுக்கு வந்து சொன்னதுதான் மிச்சம். கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் உட்கார்ந்து சொன்னாள்.

சுருகா நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்குள் அக்காவை நன்றாகத் தெரிந்திருந்தது. முதல்நாள் இரவு, அவர் அங்கேயே நிற்பதைக் கண்டு, நிலைய ஊழியர் ஒருவர் எதிரே இருந்த சின்ன விடுதிக்கு நடத்திக்கொண்டு போய் விட்டிருக்கிறார். விடியக் காலையில் அவர் திரும்ப நிலையத்துக்கு வந்துவிட்டார். கையில் போய்விட்ட ரயிலின் ரிக்கெற். கனிவாகத்தான் உள்ளே விட்டார்கள். அவர் மேல்மாடி மேடைக்குப் போவார். ஒரு புல்லற் ரயில் வந்து ஆட்கள் இறங்கும்போது, தானும் அதில் இருந்து இறங்கியவர் போல அவர்களோடு சேர்ந்து நடப்பார். மணிக்கட்டைப் பார்த்தபடி, யாரையும் இடிக்காமல், ஓடாமல், படியிறங்கிக் கீழ்மேடைக்கு வருவார். கியோட்டோ ரயில் கதவைத் திறந்துகொண்டு அங்கே நிற்கும். அவர் பைலைத் திறந்து எழுதுவார். எழுதி முடித்துவிட்டுத் திரும்ப மேலே போவார்.

"நாலு நாள் அன்ரி" என்றாள். "ரயிலுக்கு முன்னால நிண்டு எழுதிப்போட்டுத் திரும்பிப் போயிருக்கிறா. நான் போகேக்கையும் எழுதிக்கொண்டுதான் நிண்டவ. என்னைக் கண்டு, 'வழியை விடும், சோதனை நடக்குது' எண்டவ. என்னை அவவுக்கு... ஷி டின்ற்... ரெண்டு மணித்தியாலம் எடுத்தது என்னை ஆரெண்டு சொல்ல."

கைப்பையில் இருந்து பைலை எடுத்து என் மேசையில் வைத்தாள். நான் திறக்கவில்லை. அவள்தான் திறந்தாள். சோதனை ஐந்து, எட்டு நிமிடம், சரி. சோதனை ஆறு, எட்டு நிமிடம், சரி. அதே கையெழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. கடைசி வரி சோதனை அறுபத்தொன்று. கியோட்டோ ரயிலில் ஏறவேண்டும் என்ற ஒன்றைத் தவிர அந்தச் சோதனையில் அவர் எதையும் மறந்திருக்கவில்லை. கதவு திறந்து நிற்க, ஏறாமல் எழுதப் பழக்கியது நான்.

அவள் தாள்களைப் பின்னோக்கித் தள்ளி ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

"இதில பிள்ளை வரவில்லை எண்டு கிடக்கு. பிள்ளை எண்டால் நீங்கள்தானே. ஏன் நீங்கள் போகேல்லை?"

"நான் போனனான்."

"அப்ப?"

"அம்மாதான் வரேல்லை. ரெக்ஸ்டேலில இருந்தவ. பிறகுதான் தெரியும் எனக்கு."

அவள் என்னையே பார்த்தாள்.

"எயார்போட்டில நான் கேக்கேக்க உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பைலை மூடி, கைப்பைக்குள் வைத்து, ஸிப்பை இழுத்தாள். எழுந்து போய் வாசலில் குனிந்து சப்பாத்தைக் கட்டினாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து, வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி மெசேஜ் அனுப்பினாள். அம்மா அடிக்கடி கேட்கிறா என்றும் இருந்தது.

மார்க்கத்து வீட்டு பேஸ்மென்ற்றில் பெரிய ஜன்னல் இருந்தது. அக்கா அதனருகில் சோபாவில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் தலை வாரி, சுத்தமான உடுப்போடு இருந்தார். கைக்கடிகாரம் இல்லை. அது இருந்த இடத்தில் தோல் வெளிறிக் கிடந்தது. என்னைக் கண்டதும் கையை நீட்டிப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். வேலை எப்படி என்று கேட்டார். பிள்ளைகள் எப்படி என்று கேட்டார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தும், நல்ல சுகம் என்று சொன்னேன். மகள் படியடியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜப்பான் நல்ல வடிவு, என்ன?" என்றார் அக்கா.

"நல்ல வடிவாம் அக்கா."

"என்ன 'வடிவாம்'? நீரும்தானே வந்தனீர்." சிரித்தார். "கனசாவா போகேக்க நீர் ஜன்னல் பக்கம் இருந்தனீர். மலையில பனியைக் காட்டினனீர். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனீர்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தலையை அசைக்கவில்லை.

"ஓம் அக்கா. வந்தனான்."

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய கை குளிர்ந்திருந்தது. கொஞ்சநேரம் ஜன்னலுக்கு வெளியே புல்லைப் பார்த்தார். திரும்பியபோது சிரிப்பு முகத்தில் இல்லை. கோபமும் இல்லை. அறிய விரும்புகிற ஒருவரின் முகமாக இருந்தது.

"பிறகு ஏன் பிள்ளை இறங்கினனீர்?"

நான் கடிகாரம் இல்லாத அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன்.

"நல்லாத்தானே கதைச்சுக்கொண்டு வந்தனாங்கள். ரயில் நிண்டுது. நீர் ஒண்டும் சொல்லாமல் எழும்பி இறங்கினனீர். நான் எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு நிண்டன் தெரியுமோ?"

"நான் இறங்கேல்லை அக்கா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ரயிலில நல்ல சனக்கூட்டம். நான் அடுத்த பெட்டியில ஏறினனான். உங்களோடதான் வந்தனான்."

அவர் என் கையை மெல்ல எடுத்து என் மடியிலேயே வைத்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அடுத்த பெட்டியிலயும் பாத்தனான்."